கேட்காமல் வைத்த வளையம்

அந்த ரப்பர் வளையத்தை நான்தான் வெளியே எடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கை கூசுகிறது. கூச்சத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி ரயில் போகிற தடத்தில் ஒரு மருத்துவமனை. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே பெண்கள் வார்டில் நான் நர்ஸ். ஒரு நாள் காலை, கால்களை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி நடந்து வந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. வயதைக் கேட்டதற்கு முப்பது இருக்கும் என்றாள், சந்தேகமாக. நாலு பெண் குழந்தைகள். அந்தக் கரைப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கும் அதுதான் வேலை.

"மூணாவது பொண்ணு பொறந்து பதினஞ்சாம் நாளு தண்ணில எறங்கிட்டேன் சிஸ்டரம்மா. அப்பவே அடி எறங்கிப் போச்சு" என்றாள்.

கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்திருந்தது. நாலாவது பெண் பிறந்த பிறகு வேறு ஏதோ ஓர் இடத்தில் அதை உள்ளே தள்ளி, மறுபடி இறங்காமல் தாங்குவதற்கு ரப்பர் வளையம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவி மாற்ற வேண்டிய வளையம் அது. இரண்டு வருஷமாக அப்படியே இருந்தது.

"மாத்தணும்னு சொல்லலியா?"

"வச்சிட்டு, சரியாப் போச்சு போன்னாங்க. பூட்டேன்."

வளையம் சதைக்குள் புதைந்துபோயிருந்தது. சீழ், ரத்தம், பெரிய புண். கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு கிடந்தவள், நடுவில் துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ரொம்ப நாத்தமா இருக்குதா சிஸ்டரம்மா? உனுக்குப் பாவம்" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! வளையத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்ன அந்த ஆளை இழுத்து வந்து அந்தக் கட்டிலருகே நிற்கவைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

எங்கள் பெரிய டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மெட்ராஸிலிருந்து வருவார். அவர் கையைக் குறை சொல்லவே முடியாது. தேவையில்லாமல் ஒரு தையல்கூடப் போடமாட்டார். அவளைப் பரிசோதித்துவிட்டு, மடக்கி நிறுத்தியிருந்த அவளுடைய முழங்கால்களுக்கு மேலாகவே கூட நின்ற உதவியாளரான சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் விளக்கினார். வழி மூன்று. மறுபடி வளையம் வைக்கலாம். பையை விட்டுவிட்டு மேலே தூக்கித் தைக்கலாம். ஆனால் இன்னொரு பிரசவம் வந்தால் அந்தத் தையல் தாங்காது. இல்லையென்றால் பையையே எடுத்துவிட்டுச் சீர்செய்யலாம். இந்த அளவு இறக்கத்துக்கு அதுதான் சரி. தெளிவாகத்தான் சொன்னார். படுத்திருந்தவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

கை கழுவிவிட்டு வராந்தாவுக்குப் போய் அவள் புருஷனைக் கூப்பிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் வந்து நின்றான்.

"நாலும் பொண்ணாமே? ஆம்பளைப் பிள்ளை வேணாமா?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "வேணும்தான் சார்."

அவ்வளவுதான். 'புண் ஆறியதும் வளையம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் தொங்கியது. கேம்ப் நாட்களில் மூன்று பெற்றவர்களை, "புத்தியில்லையா உனக்கு?" என்று திட்டுகிற அதே வாய்தான் இவனிடம் மகன் வேண்டாமா என்று கேட்டது. கேஸ் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேல் இன்னும் தீரவில்லை.

தினமும் மஞ்சள் மருந்தும் கிளிசரினும் நனைத்த துணியை உள்ளே வைத்துப் புண்ணை ஆற்றினேன். பத்து நாள் ஆகியிருக்கும். துணி மாற்றும்போது கேட்டாள்.

"பெரிய டாக்டரு இன்னா சொன்னாரு சிஸ்டரம்மா?"

ஒரு தலையணை உறையை எடுத்து, உள்பக்கத்தை வெளியே இழுத்து, இப்படித்தான் இறங்கியிருக்கிறது என்று காட்டினேன். மூன்று வழியையும் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, படித்த யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"இதுல எத்தப் பண்ணா தண்ணில குந்தலாம்?"

"எதைப் பண்ணினாலும் ஆறு மாசம் குந்தக் கூடாது. அப்புறமும் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்."

"வளையம் வச்சா?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும். வராம வுட்டா இப்ப ஆன மாதிரியே ஆகும்."

"பையை எடுத்துட்டா?"

"பிள்ளை பொறக்காது. மாசாமாசம் வர்றது நின்னுடும். பெரிய ஆபரேஷன். மயக்கம் குடுக்கணும், ரத்தம் போகும். உயிருக்கு ஆபத்தே இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"பொம்பளை இல்லாம பூடுவேன்னு பக்கத்துக் கட்டில்காரி சொல்றா."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சிரித்தாள். "மாசாமாசம் இந்தப் பேஜாரு இல்லேன்னா நல்லதுதானே" என்றாள். மறுநாள் காலை நான் டிரேயை வைக்கும்போதே, "எடுத்துரச் சொல்லு. நாலு போதும் எனுக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்து, தயாராகத்தான் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கும் கோபம் வந்தது. ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

"புள்ள வேணுமான்னு கேட்டாரு சிஸ்டரம்மா. எவனாச்சும் வேணாம்னு சொல்லுவானா? இவ நல்லா நடக்கணுமா, இப்டியே கால அகட்டிக்கினு கெடக்கணுமான்னு எவன் என்னைக் கேட்டான்? கேட்டா நான் இன்னா சொல்லியிருப்பேன்?"

ஒப்புதல் தாளை நீட்டினேன். முதலில் அவள் கைநாட்டு. அதன் கீழே அவன் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார்.

"வளையம்னுதானே எழுதினேன்? இது யார் கைநாட்டு?"

"அந்தம்மாவோடது சார். அவங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் இருக்கு."

"உன்னை யார் பேசச் சொன்னது?"

"அவங்க என்னைக் கேட்டாங்க சார். அறுக்கப்போறது அவங்க உடம்பைத்தானே."

சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். பெரிய டாக்டர் என்னைப் பார்க்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை லிஸ்ட்டில் போடு" என்றார். புண் ஆறியிருந்தது. எது சரியான ஆபரேஷன் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை எடுத்தார். அழகாகச் செய்தார். ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. வார்டு ஒழுங்கை மீறினேனாம். துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதினோரு மாதம் படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கினேன்.

ஸ்டோரில் இருந்தபோதுதான், ஆபரேஷன் நடந்து பத்து மாதம் கழித்து, அவள் என்னைத் தேடி வந்தாள். நேராக நடந்து வந்தாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பிறகு, பை எடுத்த பிறகும் முன்பக்கச் சதை மறுபடி லேசாக இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று தயங்கிச் சொன்னாள்.

"தண்ணில எறங்கினியா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"இல்ல சிஸ்டரம்மா, சத்தியமா இல்ல. நீ சொன்ன மாதிரியே ஏரிப் பக்கமே போவல. கூடைல மீன் எடுத்துக்கினு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போறேன்."

"தலையிலயா? எவ்ளோ கனம்?"

கையால் காட்டினாள். கனம் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. எழுதியவள் நானே.

"தண்ணில குந்தாதன்ற. கூடை தூக்காதன்ற. வேற இன்னா வேலை இருக்குது எங்கூர்ல, நீயே சொல்லு."

பெரிய டாக்டரையும் வளையம் வைத்தவனையும் எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியாமல், கையிலிருந்த விரிப்பை மேஜைமேல் எறிந்தேன்.

"கோச்சுக்காத சிஸ்டரம்மா" என்று அவளே அதை எடுத்து மடித்தாள். "பழசுக்கு இது எவ்ளோ மேலு. ராத்திரி புரண்டு படுக்குறேன், தெரியுமா?"

ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுத்து, சின்ன டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை உட்காரவைத்து, முதலில் அவளிடமே, "என்னம்மா பண்ணுது? என்ன செய்யலாம்னு நீ நினைக்கிற?" என்று கேட்டார்.