ரோலர் சத்தம் கேட்ட செல்வராஜண்ணன்

செல்வராஜண்ணன் இன்று காலை போய்விட்டார்.

அரவேணுப் பக்கம் தேயிலை பேக்டரியில் இலை உருட்டும் ரோலர் மிஷினில் நின்றவர். என் வீட்டுக்காரர் அங்கே கிளார்க். பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து பேக்டரியைப் பூட்டிய சமயம். ராப்பகலாக ஓடிய சத்தம் நின்றதும் எங்களுக்கெல்லாம் காது அடைத்தது போல் இருந்தது.

ஒரு மத்தியானம் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க கிளார்க்கு, பேக்டரி ஓட்டறாங்களா? என்னைய உட்டுப்போட்டு எவன் ரோலர்ல நிக்கறான்?"

நாங்களும் காது கொடுத்துக் கேட்டோம். பனிமஞ்சு இறங்கி மூடிக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"தலையணையில காது வெச்சுப் படுத்தா கேக்குதுங்க. ஆனா பெல்ட் நழுவற மாதிரி... ஓடுது, நிக்குது, சேர்ந்தாப்புல ரெண்டு ஓட்டம் ஓடுது."

அவர் மனைவி மல்லிகாக்கா பின்னாலிருந்து, "பூட்டுன பேக்டரிக்கு டூட்டிக்குக் கெளம்பிட்டாரு உங்கண்ணன்!" என்றார்.

அப்படியும் கேட் வரைக்கும் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

சாயங்காலம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பல வருஷமாகச் சுகர் அவருக்கு. "சுகர் எறங்கிருச்சு" என்று அக்கா சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்தார். அடங்கவில்லை. எங்கள் வீட்டு மிஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் இறங்கவே இல்லை, ஏறிக் கிடந்தது.

"கிளார்க்கு வூட்டுக் கை, கணக்குத் தப்பாது... நீ எண்ணிப் பாரு அம்மிணி" என்று மணிக்கட்டை நீட்டினார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணினேன். தப்பியது. முதலிலிருந்து எண்ணினேன். மறுபடியும் தப்பியது. அந்தத் துடிப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.

குன்னூரில் ஈசிஜி எடுத்தார்கள். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, சுகர் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டர். உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கட்டாமலிருக்க ஒரு மாத்திரை. தினமும், விடாமல்.

"அப்ப நான் கேட்ட ரோலரு இதுதானுங்களா?" என்றார் அண்ணன். டாக்டருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது...

மாதாமாதம் கிருத்திகை விரதம் அண்ணனும் நானும் இருப்போம். சாப்பிடாத நாளில் சுகர் மாத்திரை வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அது எல்லா மாத்திரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

குன்னூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டேன். "சுகர் மாத்திரைக்குத்தாங்க அந்தக் கணக்கு. இதை ஒரு நாளும் உடக்கூடாது. பாலைக் குடிச்சுப்போட்டு முழுங்கச் சொல்லுங்க."

அண்ணனிடம் சொன்னேன். "சரி, முருகனுக்கு நீயே பதில் சொல்லிக்கோ அம்மிணி" என்று சிரித்தார்.

பிறகு கிருத்திகை தவறாமல் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். "பால் ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சு ஆச்சு. போலீஸ்காரி!"

நாங்கள் ஜெகதளாவுக்கு வீடு மாறிய பிறகு அக்கா கேட்டுக்கொள்வார்.

நேற்று கிருத்திகை.

இன்று விடிகாலையில் வாய் கோணி, பேச்சுக் குழறியிருக்கிறது. ஜீப் வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்...

அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து மாத்திரை போட்டாரான்னு தெரியல அம்மிணி. நான் கேட்டனான்னே நெனப்பில்ல. பால் டம்ளரு கழுவிக் கவுத்திருக்குது... அவரு கழுவுனதா, நான் கழுவுனதா?"

"போட்டிருப்பாருங்கக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையேதான் சொன்னேன்.

நாளை காலை எடுக்கிறார்கள். பேக்டரியில் கூட வேலை செய்தவர்கள் வந்துவிடுங்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் அக்காவிடம் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

முருகன் பாதம் சேருங்கள் அண்ணா...