விரலில் பட்ட வரிகள்

1. இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுத்து ஐந்து மாதம்.
2. பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.
3. அன்றோடு மூன்று நாளாக நான் தூங்கவில்லை.
4. மத்தியான மருந்துக்குப் பதிலாகப் பூசும் தைலத்தை அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினேன்.

நான் கம்பவுண்டர் பரீட்சை தேறியவள். குடிக்கக் கூடாத மருந்தின் புட்டியில், தொட்டதும் தெரியும்படி மேடான வரிகள் இருக்கும். அவை என் விரலில் பட்டன. ஒன்றும் தோன்றவில்லை.

கிளாஸை வாயருகே கொண்டுபோனதும், தைல வாசனையில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இன்னாடி, இடுப்புல தேய்க்கிறத வாய்ல ஊத்துற? பரீட்சை பாஸ் பண்ண பொண்ணு!”

எனக்கு அழுகைகூட வரவில்லை. கிளாஸைக் கழுவி வைத்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பாத்திமா பீ வந்தார். “நீ போய்ப் படும்மா. நான் இங்கதான் கீறேன்.”

இப்போது தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் அவர் அம்மாவுடன் இருக்கிறார், நான் தூங்குகிறேன். தைலம் வேறு அறையில் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.