ஏகாம்பரத்தின் வெள்ளைத் தாள்

காஞ்சிபுரத்தில் நாங்கள் பிளஸ் ஒன் படித்தபோது, வேதியியல் செய்முறைத் தேர்வில் தவறினால் அறிவியல் பிரிவில் இருக்க முடியாது என்று வாத்தியார் எச்சரித்திருந்தார். ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலை பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் ரோஜா நிறம் தெரிந்ததும் நிறுத்தி, அளவை எழுத வேண்டும். பக்கத்தில் ஏகாம்பரம், பட்டு நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். அவன் நிறுத்தியபோது அவனுடைய குடுவை எனக்குத் தண்ணீராகவே தெரிந்தது.

“சார், இவன் பொய் அளவு எழுதறான்” என்றேன்.

வாத்தியார் எல்லோர் முன்னிலையிலும் அவனை மறுபடி செய்யச் சொன்னார். ஏகாம்பரம் மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டு, பியூரெட்டை மூடினான்.

“தண்ணிடா அது!” என்று பின்னால் ஒருவன் சிரித்தான்.

“நெறம் வந்துடுச்சி சார். எங்க வூட்ல வெள்ளத் துணி மேல வெச்சித்தான் நூல் நெறம் பாப்போம்.”

வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளின் மேல் அந்தக் குடுவையையும், வெறும் தண்ணீர்க் குடுவை ஒன்றையும் வைத்துக் குனிந்தார். ஒன்றில் மட்டும், மிக இலேசாக, ரோஜா நிறம்.

“சரிதான்டா” என்றார்.

பொய் அளவு எழுதியவன் நான். போன வாரப் பயிற்சியின் எண்ணையே எழுதியிருந்தேன். அவனுடைய அளவோடு ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்வேனே என்ற பயத்தில்தான் முந்திக்கொண்டேன்.

ஏகாம்பரம் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் குடுவைக்கு அடியில் வைத்தான்.

“கறுப்பு மேசை மேல பாத்தா உனுக்கு எப்டிப்பா தெரியும்? இப்ப பாரு.”

நான் எழுதியதை அடித்துவிட்டு, முதல் சொட்டிலிருந்து தொடங்கினேன். என் கண்தான் தவறியது என்று அவன் நம்பினான். இன்றுவரை நான் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை.