இயக்குநர் அம்மா கொட்டிய ‘ம்’

ஒலிநாடாவை வெட்டி ஒட்ட நான் வைத்திருந்த பிளேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தொண்ணூறுகளில் நெல்லைப் பக்கம் ஒரு வானொலி நிலையத்தில் எனக்கு ஒலிப்பதிவு வேலை. இருமலோ தும்மலோ, வெட்டிய தடம் தெரியாமல் எடுத்துவிடுவேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த பிளேடைக் கீழே வைக்கச் சொன்ன ஒரே ஆள் எங்கள் நிலைய இயக்குநர் அம்மாதான்.

அம்மாவுக்கு அம்பாசமுத்திரம். பாபநாசம் மலையில் வாழும் காணி மக்களுக்கு, அவர்கள் பேச்சிலும் தமிழிலுமாக வாரம் அரை மணி நேரம் வாங்கித் தருவதென்று பிடிவாதமாக இருந்தார். மேலிடத்து அனுமதிக்கு முதலில் ஒரு மாதிரிப் பதிவு அனுப்ப வேண்டும். கதை சொல்ல அவர்களுடைய தலைவர் மூட்டுக்காணியே மலையிறங்கி வந்தார். “கீழ படிக்கப் போற பிள்ளையளு பஸ்ஸுல நம்ம பேச்சு பேச வெக்கப்படுது. ரேடியோல கேட்டா வெக்கம் போயிரும்லா” என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. யானைக்குப் பயந்து மரத்தில் குடில் கட்டிய கதையைத் தொடங்கினார். இரண்டு வாக்கியத்தில் நின்றுவிட்டார். மறுபடியும் அப்படியே. மைக்கைக் கண்ட பயம் என்று நினைத்தேன். “ஆரும் ம் கொட்டாம ஆருட்ட சொல்லுகது?” என்று அவர் கேட்டார். பேசுபவரைத் தவிர யாரும் அந்த அறையில் மூச்சுக்கூட விடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா சத்தம் வராதிருக்க வளையல்களைக் கழற்றி என் மேசையில் வைத்தார். உள்ளே போய் அவருக்கு எதிரே உட்கார்ந்து “ம்” என்றார். அதற்குப் பிறகு கதை நிற்கவே இல்லை.

மேலிடத்திலிருந்து நாடா திரும்பி வந்தது. இடையிடையே வரும் ஒலி ஒரு குறையாம். அதை நீக்கினால்தான் அனுமதி பற்றி யோசிப்பார்களாம். எனக்கென்ன, அரை நாள் வேலை. பிளேடை எடுத்துவிட்டேன்.

“தம்பி, அதக் கீழ வைங்க. கேக்குதவ இல்லாம சொல்லுதவரு எங்கன வந்தாரு?”

“வெட்டலன்னா அனுமதி கெடைக்காதும்மா. மூட்டுக்காணிட்ட என்ன சொல்ல?”

அம்மா நாடாவைப் பையில் வைத்துக்கொண்டு தாமே சென்னைக்கு ரயில் ஏறினார். அதிகாரிகள் முன்னால் அதை முழுவதும் ஓட்டிக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பாதிக் கதையில, குறை எழுதின மனுசனே ‘ம்’ங்காரு. நான் வாயே தொறக்கல.” அனுமதி கிடைத்தது.

முதல் ஒலிபரப்பை நான் பாபநாசத்தில் ஒரு டீக்கடையில் கேட்டேன். பஸ்ஸுக்கு நின்ற காணிப் பிள்ளைகள் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒரு சிறுமி, “எங்க மூட்டுக்காணியாக்கும்” என்று கடைக்காரரிடம் சத்தமாகவே சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை என் சொந்த வேலைக்காக ஒருநாளும் வந்ததில்லை.

இன்று வெட்டுவதும் ஒட்டுவதும் கணினியில். அம்மா காலமாகிவிட்டார். அவர் பெயர் அந்த நிகழ்ச்சியில் ஒருமுறைகூட வந்ததில்லை. முதல் பதிவின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஓட்டும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து மனைவி, “யாருக்கு ம் கொட்டுதிய?” என்று கேட்பாள். நானும் சேர்ந்து கொட்டுவது அப்போதுதான் எனக்கே தெரியும். நாடாவில் அம்மாவின் ‘ம்’ அத்தனையும் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை.