மூன்றுகால் விஞ்சும் பதினேழு சிவப்புக் குறிகளும்

மன்னாரில் மரியதாஸ் அண்ணையின் வேர்க்‌ஷொப்பில் நான் கொம்பியூட்டரில் மெஷின் படம் கீறிய வருடங்களில், என்னை அழ வைத்த அசெம்பிளி, அதாவது உறுப்புகளைப் பூட்டிய முழுப்படம், ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் காலை பத்தரைக்கு ஒரு துளையை மாற்றினேன். கொம்பியூட்டர் சற்று யோசித்தது. பிறகு திரையின் இடப்பக்கத்தில் பிழை காட்டும் பதினேழு சிவப்புக் குறிகள் வரிசையாக ஏறின. ஒரு கால் தலைகீழாகத் திரும்பியது. கைப்பிடி, கயிறு சுற்றும் டிரம்முக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

அது கையால் சுற்றிக் கிணற்றுச் சேறு தூக்கும் மூன்றுகால் விஞ்ச். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நேரம். மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிய சனம் தறப்பாள் கொட்டில்களில் இருந்தது. இருபது வருடமாக ஆள் தொடாத கிணறுகள் மண்ணும் வேருமாகத் தூர்ந்து கிடந்தன. பவுசர் வண்டியில் வரும் தண்ணீரை நம்பி எத்தனை நாளைக்குத்தான் இருப்பது? மாரி தொடங்கி நிலத்து நீர் ஏறிவிட்டால் கிணற்றுக்குள் ஆள் இறங்க முடியாது, பிறகு அடுத்த வருடம்தான். சில குடும்பங்கள் இத்தனை காலம் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்துக்கே திரும்பிப் போகப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தன.

ஆறு விஞ்சுக்கு ஓடர் தந்தவர் அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர் ஹமீது நானா. தகடும் பைப்பும் கொழும்பில் மெஷினில் வெட்டவேண்டும். பின்னேரம் நாலு மணிக்குள் பைல் போகாவிட்டால் மெஷின் வேறு வேலைக்குப் போய்விடும். எங்கள் முறை திரும்ப வர ஒரு மாதமாகும், அதற்குள் மழை வந்துவிடும்.

அப்படி இருக்க, கடைசி நாளில் அளவை மாற்றுவானேன்? பிழை என்னுடையதுதான். "கிணறு ஆறடி" என்று நானா சொல்லியிருந்தார். நான் வயல் செய்யும் வீட்டில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் துரவு என்கிற வயற்கிணற்றுக்குக் கட்டே கிடையாது, வாய் எவ்வளவோ கிணறும் அவ்வளவு. அவர் ஊரில் கிணற்றைச் சுற்றி ஒன்றரை அடித் தடிப்பில் கல்லுக்கட்டு. அகலம் சொல்வதோ தண்ணீர் நிற்கும் உள்ளளவை. அன்று காலை நானா வந்து திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, காலு மூன்டும் கட்டுக்கு மேலயா நிக்கப் போகுது?"

நான் ஆறடிக்குத்தான் கால் கீறியிருந்தேன். கட்டுக்கு வெளியே நிற்கக் கால் நீள வேண்டும். கால் நீண்டால் பைப் தடிக்க வேண்டும். பைப் தடித்தால் கால் மடங்கும் இடத்தில் இருக்கும் பின் என்ற ஆணியும் அது போகும் துளையும் பெருக்க வேண்டும். நான் பழைய துளையை அழித்துவிட்டு அதே இடத்தில் பெரிய துளை ஒன்று கீறினேன். அவ்வளவுதான் செய்தேன்.

பராமெட்ரிக் என்றால் அளவுகளை ஒன்றோடொன்று கட்டிவைத்துக் கீறும் முறை. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறவேண்டும். மாறவேண்டும் என்பது படிப்பிக்கும்போது சொல்வது. மூன்று காலும் உச்சியில் சேரும் தலைத்தட்டில் அவை மடங்கும் ஜொயின்ற்களை, அதாவது இணைப்புகளை, நான் துளையின் விளிம்பில்தான் கொழுவியிருந்தேன். பழைய துளை போனதும் அவை பிடியிழந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொழுவினேன். மூன்றைச் சரிக்கட்டினால் ஐந்து புதிதாகச் சிவந்தன. பன்னிரண்டரைக்கு மொனிற்றருக்குப் பின்னால் முகத்தை மறைத்து அழுதேன். வெட்கத்தைவிட ஆத்திரம்தான் கூட.

மரியதாஸ் அண்ணைக்கு மணிக்கூட்டில்தான் கண்.

"பிள்ளை, எல்லா ஜொயின்ரையும் அழிச்சுப்போட்டுக் கண்ணளவில வைச்சுப் பூட்டிவிடு. ஸ்கிரீனில சரியாத் தெரிஞ்சாக் காணும்."

"ஸ்கிரீனில சரியாத்தான் அண்ணை தெரியும். மறிச்சுக்கட்டியில பின் ஏறாது. கீழ கிணத்துக்குள்ள ஒரு ஆள் நிப்பான்."

அவர் பாணும் பருப்பும் எடுத்துவரப் போனார். வேலை முடியும்வரை போகமாட்டேன் என்று நானா மூலைக் கதிரையில் இருந்துவிட்டார். சாப்பிடும்போது அவர் தம் காணியைக் கண்டுபிடித்த கதையை அண்ணைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். காணி உறுதிப்பத்திரத்தில் வடக்கே வேலி, கிழக்கே பாலைமரம் என்று எழுதியிருந்ததாம். போய்ப் பார்த்தால் எல்லாம் காடு. பக்கத்துக் காணிக்காரர் அந்த இடத்திலேயே புதுவேலி ஒன்று போட்டிருக்கிறார்.

"அதே இடம்தான் என்டார். இருக்கலாம். ஆனா புது வேலியக் காட்டிப் பழைய வேலி என்டு சொன்னா உறுதி ஒத்துக்குமா? கடைசியில கிணத்தத்தான் தேடிப் பிடிச்சம். அதுதான் அசையாமக் கிடந்திச்சு. அதில நின்டு அளந்து போனம். எங்கட பழைய வீட்டு வாசப்படி காலில தட்டுப்பட்டிச்சு."

நான் பாணை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். நான் கீறியதும் புதுவேலிதான். என் கண்ணுக்கு அதே துளை, கொம்பியூட்டருக்கு அது முன்பின் தெரியாத துளை. பழைய துளையின் அளவை மட்டும் மாற்றியிருந்தால் பாதிக் கரைச்சல் வந்திராது. விளிம்பிலே கொழுவாமல் இருந்திருந்தால் மீதியும் வந்திராது.

மாற்றத்துக்கு முந்திய பைலைத் திறந்தேன். தலைத்தட்டின் நடுவில் ஓர் அச்சுக்கோடு போட்டேன். அதிலிருந்து அளந்து ஒவ்வொரு கால் மடங்கும் இடத்துக்கும் ஒரு கோடு. இரும்பில் வராத, படத்தில் மட்டும் இருக்கிற கோடுகள். துளைகளையும் ஜொயின்ற்களையும் அந்தக் கோடுகளிலேயே கட்டினேன். மூன்றேகால் மணிக்குக் கால் நீளம், பைப், பின் ஆகிய மூன்று இலக்கங்களையும் மாற்றி என்டரைத் தட்டினேன்.

ஒரு சிவப்பும் இல்லை. மவுஸால் ஒரு காலைப் பிடித்து இழுத்தேன், அழகாக மடங்கி வந்தது. மற்ற இரண்டும் அப்படியே. நானாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்றே முக்காலுக்குப் பைல் போய்விட்டது.

முதல் விஞ்சை நானாவின் கிணற்றடியிலேயே பூட்டினோம். அண்ணை என்னை நம்பாமல் பெரிய சுத்தியல் ஒன்றை வான் வண்டியில் ஏற்றி வந்திருந்தார். மூன்று பின்னும் கையால் தள்ளவே போய் இருந்தன. சுத்தியல் வானை விட்டு இறங்கவில்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது, திரும்பும் வழியெல்லாம் அந்தச் சுத்தியலைப் பற்றியே அவரைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தேன்.

மழைக்குமுன் ஆறு விஞ்சும் ஓயாமல் ஓடின. மாரி முடிந்த பிறகு ஒருநாள் நானா போனில் வந்தார். பள்ளிவாசல் கிணறு பெரிது, அதற்கும் ஒன்று வேண்டுமாம்.

"பதின்மூன்டு அடி தங்கச்சி. கட்டோட. கட்டோட சேத்துத்தான் சொல்றன்."

பதின்மூன்றுக்கு வேண்டிய இலக்கங்களைப் போட்டேன். அண்ணை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையின் இடப்பக்கத்தையே பார்த்தார். ஒன்றும் சிவக்கவில்லை. அவர் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இப்போது படம் கீற வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அழித்துக் கீறாதே, அளவை மாற்று. ஜொயின்ற் போடுமுன், நாளைக்கும் அசையாமல் இருக்கப்போவது எது என்று பார்த்து அதிலே கொழுவு.

அன்று போனை வைக்குமுன் நானாவிடம் அந்தப் பெட்டி கட்டிய குடும்பங்களைப் பற்றிக் கேட்டேன். பெட்டியை அவிழ்த்துவிட்டார்கள் என்றார். கிணற்றடியில் வாழைக்குட்டியும் வைத்தாயிற்றாம்.