யார் மடியில் எந்தப் பிள்ளை

திருத்தணியில் வீடியோ எடிட்டிங் என்றால் பெரும்பாலும் மொட்டைதான். மலைக்கு வருகிற குடும்பங்கள் குழந்தைக்கு முடி இறக்கி, காது குத்தி, அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், அந்தப் படங்களை நான் வீட்டிலிருந்தே வெட்டிச் சேர்த்துக் கொடுக்கலாம் என்றார். ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"பாட்டு எதை வேணா போடுங்கம்மா. குழந்தை மட்டும் மாறக் கூடாது."

முன்பு வேலை பார்த்தவர் ஒரு குடும்பத்துப் படத்தில் வேறு வீட்டுக் குழந்தையைச் சேர்த்துவிட்டாராம்.

இந்த வேலை அமையாவிட்டால் நான் அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர வேண்டும். இரண்டு வயது மகளை யாரிடமாவது விட்டுவிட்டுத் தினமும் ரயிலேற வேண்டும். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் வாங்க முடியும். தவறாக வாங்கிவிட்டால் அதோடு சரி.

கம்ப்யூட்டர் படித்தவள் என்பதாலேயே எனக்குச் சந்தேகம் அதிகம். இணையத்தில் ஒருவர் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எதுவும் நடக்காது என்கிறார். இன்னொருவர் ராம் கூடுதலாக இருந்தால் போதும் என்கிறார். இருவருக்குமே யாரோ காசு கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது.

என் நாத்தனாரின் கணவர், தனக்குத் தெரிந்த கடை அரக்கோணத்தில் இருக்கிறது என்று அழைத்துப் போனார். என் வீட்டுக்காரர் அவரைப் பாவா என்பார், நான் அண்ணா என்பேன். வீட்டுக்காரருக்கு அன்று டியூட்டி. கடையில் உட்கார்ந்ததுமே, கேட்காமலே அண்ணாவுக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. சர்க்கரை வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்றால் இவர் இங்கே எத்தனை பேரை அழைத்து வந்திருப்பார்? கமிஷன் என்ற சொல் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைக்காரர் ஒரு மெஷினில் அருவி, பறவை என்று ஒரு படத்தை ஓடவிட்டார். வழுக்கிக்கொண்டு ஓடியது. அது என் போனில்கூட அப்படித்தான் ஓடும். நான் பென்டிரைவை நீட்டினேன். போன பங்குனியில் என் மகளுக்கும் அண்ணாவின் மகனுக்கும் ஒரே நாளில் மொட்டையடித்த வீடியோ அதில் இருந்தது. இதை ஓட்டிக் காட்டுங்கள் என்றேன்.

அவர் சளைக்கவில்லை. அந்த மெஷினில் முகங்களைத் தானாகவே பிரித்து வைக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டிய அதை இவர் சும்மா போட்டுத் தருகிறாராம். எப்படிச் சும்மா என்று கேட்டேன். சிரித்தார். முடி இறக்குவதற்கு முந்தைய காட்சியில் என் மகளையும் என் வீட்டுக்காரரையும் காட்டச் சொல்லி, பெயரைத் தட்டச் சொன்னார். தட்டினேன். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து முடிந்தது.

என் மகளின் பெயருக்குக் கீழே வரிசையாகப் படங்கள். முதலில் முடியோடு இருக்கிறாள். பிறகு சந்தனம் பூசிய மொட்டைத் தலை, மஞ்சள் துண்டு, அழுது வீங்கிய கண்கள்.

"பாருங்க மேடம், அப்பா மடியில பாப்பா. அதுவே கண்டுபுட்சிக்கினு வந்துடுச்சி."

டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணாவும் எட்டிப் பார்த்து, ஆங், நல்லாத்தான் பிரிச்சிருக்கு என்று தலையாட்டினார்.

நானும் ஒரு கணம் தலையாட்டத்தான் போனேன். பிறகுதான் மடியைப் பார்த்தேன். முடி இறக்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருப்பது அப்பா இல்லை, தாய்மாமன். என் மகள் என் தம்பி மடியில் இருந்தாள். என் வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்து அழுவது அவருடைய அக்கா மகன்.

"அண்ணா, அது உங்க பையன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமா, என் பையன்தான்," என்றார் மெதுவாக. "உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதம்மா."

கடைக்காரர், மொட்டையடிச்சா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதானே மேடம் என்றார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரே மொட்டையாக இருக்கிற இடத்தில் இந்த சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தெரியவில்லை என்றுகூட அது சொல்லவில்லை. என் பிள்ளையின் பெயரை ஒட்டி வைத்துவிட்டது.

அது வேண்டாம் என்றேன். ராம் கூட்டி, பெரிய திரையோடு ஒரு சாதாரண மெஷின் வாங்கினோம். இலவசமாகவே கிடைக்கும் எடிட்டிங் சாஃப்ட்வேரை நானே இறக்கிப் போட்டேன். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் அதன் வேலை, யாரையும் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாது. அண்ணாவுக்குக் கமிஷன் போனதா என்பது இன்றுவரை தெரியாது. கடையை விட்டு வரும்போது அவர் முகத்தைப் பார்த்தபிறகு கேட்கவும் தோன்றவில்லை.

ஆனால் சந்தேகம் இப்போது என் மேலேயே திரும்பியிருந்தது. அந்த மடி தெரியாமல் தலை மட்டும் தெரிந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேனா? வீட்டில் மகளைக் குளிப்பாட்டும்போது அவள் காதையும் பின்னந்தலையையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

ஸ்டுடியோவிலிருந்து முதல் வேலை வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கூட்டுக் குடும்பம், அண்ணன் தம்பி மூவருக்கும் ஆளுக்கொரு பிள்ளை, மூன்றும் மொட்டை. நான் ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து, எந்தப் பிள்ளைக்கு யார் தாய்மாமன், அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். என்ன பாட்டு போடறதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க என்றார். ஆனாலும் கேட்டுச் சொன்னார்.

மடியை வைத்துப் பிரித்து, முடித்துக் கொடுத்தேன். மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. பிள்ளை மாறிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வீடியோ தயாராக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மாமன்கள் பெயரையும் சட்டை நிறத்தையும் அவரே கேட்டு எழுதி வைத்திருந்தார்.