ஜுமகாதிர் இழுத்த ஒயர்

எங்கள் மலையூர் அட்-பாஷியில் ஆன்டெனாவைப் பார்த்தே வீட்டுக்காரரை எடை போடுகிறவர் ஜுமகாதிர். கம்பம் சாய்ந்திருந்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளை சோம்பேறி. கம்பத்து உச்சியில் ஆன்டெனாவுக்குப் பதில் சைக்கிள் சக்கரத்தைக் கட்டியிருந்தால் கடைந்தெடுத்த கஞ்சன். இதை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, அந்தந்த வீட்டு வாசலில் நின்றே உரக்கச் சொல்வார். மலைமேல் இருக்கும் டி.வி. கோபுரத்திலிருந்து வருகிற படத்தை வீட்டுக்குள் கொண்டுவர அவரை விட்டால் ஊரில் வேறு ஆள் இல்லை. அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சாம்பல் நிறக் குதிரையில் வருவார். சேணப்பையில் ஒரு பக்கம் குட்டி டி.வி., மறுபக்கம் குறடும் ஒயரும். டீக்குச் சர்க்கரை கேட்பதில் வெட்கமே கிடையாது. நாயைக் கண்டால் மட்டும் குதிரையை விட்டு இறங்கமாட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் தற்பெருமை தாங்காது. "நான் இழுத்த ஒயரு, நான் செத்த பிறகும் படம் காட்டும்" என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். சொந்தமாக நிலமில்லை, ஆடு மாடு அதிகமில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அவருடைய சொத்து.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் எங்கள் வீட்டு டி.வி. கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றால் முழுசாக இல்லை. நான் அறைக்குள் நுழைந்தால் மட்டும் படம் உடையும். டீக் கிண்ணத்தோடு கதவைத் திறப்பேன், திரையில் பொரி பொரியாகக் கொட்டும். வெளியே போய்க் கொஞ்ச நேரமானால் தெளிந்துவிடும். கோக்-போரு ஆட்டத்தில் ஆட்டுக்கடாவை இழுத்துக்கொண்டு குதிரைகள் எல்லையை நெருங்குகிற நேரம் பார்த்து நான் சூப் கொண்டுபோனேன். என் மாமனார் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

மாமியார் பெயர் கல்பூபு. நான் அபா என்று கூப்பிடுவேன். அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக் குதிரைக்குக் குட்டி கலைந்திருந்தது. டி.வி.யும் சேர்ந்துகொண்டதும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"இவ கால் வச்ச நேரம் சரியில்ல குபாத்," என்று என் கணவரிடம் சொன்னதை அடுப்படியிலிருந்து நானே கேட்டேன். "பனி கரையட்டும். அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா."

குபாத் நல்லவர், ஆனால் அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை. மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு நான் அப்படியே நின்றேன். திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் வீட்டுக்கு அப்புறம் யார் பெண் கேட்டு வருவார்கள்? எனக்குக் கீழே இரண்டு தங்கைகள் இருந்தார்கள்.

படம் பார்க்க முடியாத எரிச்சலில் மாமனார்தான் ஜுமகாதிரை வரவழைத்தார். வந்தவர் முதலில் கம்பத்தடியிலேயே தன் குட்டி டி.வி.யை மாட்டிப் பார்த்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"மேல ஒண்ணும் கோளாறு இல்ல. வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்கு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து எங்கள் டி.வி.யைப் போட்டார்.

"என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் அபா, என்னைப் பார்த்தபடி. "இவ நுழைஞ்சா படம் போவுது."

ஜுமகாதிருக்கு அபா அண்ணி முறை. எங்கள் ஊரில் அண்ணியை ஜெங்கே என்று கூப்பிடுகிறவனுக்குக் கேலி செய்யும் உரிமையும் சேர்த்தே கிடைத்துவிடும். "ஜெங்கே, நீங்க ஒரு தடவை வெளிய போயிட்டு உள்ள வாங்க பாப்போம்," என்றார்.

"நான் எதுக்குடா போவணும்?"

"சும்மா போங்க. உக்காந்து உக்காந்து இடுப்பு பெருத்துப்போச்சு."

அபா முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவைத் திறந்து திரும்ப உள்ளே வந்தார். படம் உடைந்தது.

"அட, உங்க காலும் அந்த ரகந்தான் போலிருக்கே!" என்று ஜுமகாதிர் தொடையில் தட்டிச் சிரித்தார். மாமனாரும் சிரித்துவிட்டார். சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நடமாடுகிறவள் மருமகள் ஒருத்திதான். அதனால் மற்றவர் காலை யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அபா சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய், "அப்ப இவ கொண்டுவந்த சாமான்லதான் ஏதோ இருக்கு. இவ வர்றதுக்கு முன்னாடி ஒழுங்காத்தானே ஓடுச்சு?" என்றார்.

ஜுமகாதிர் ஜன்னலிலிருந்து ஒயர் வருகிற வழியைக் கண்ணால் தொடர்ந்தார். ஒயர் சுவரோடு ஓடி, கதவுப் பக்கம் தொங்கிய என் துஷ்கியிஸுக்குப் பின்னால் மறைந்தது. என் அம்மா மூன்று குளிர்காலம் உட்கார்ந்து பூவேலை செய்த பெரிய சுவர்த்துணி அது. கல்யாணத்தன்று பெண்வீட்டுப் பெண்கள்தான் அதை மாட்டுவார்கள். மாமியார் வீட்டார் அதில் கை வைப்பதில்லை, வைத்தால் பெண்வீட்டுக்கு அவமானம். அதனால் இத்தனை நாளாக ஒயரின் எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தவர்கள் அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"பொண்ணே, இதை நீதான் தூக்கணும்," என்றார்.

நான் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். அவர் தலையை உள்ளே நுழைத்தார். நானும் பார்த்தேன். கல்யாண அவசரத்தில் கோடரியின் பின்பக்கத்தால் என் அம்மா அடித்த ஆணி, ஒயரின் நட்டநடுவில் இறங்கியிருந்தது. கதவு திறந்து காற்று வரும்போதெல்லாம் துணி ஆடியிருக்கிறது. துணியோடு ஆணியும் ஆடியிருக்கிறது.

அபா சொன்னது சரியாகிவிட்டதே! குறை என் சீதனத்தில்தான், என் அம்மா கையில்தான்.

ஜுமகாதிர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குறடால் ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வாயத் தொறந்தே, ஒயரை நானே அறுத்துருவேன்," என்று கிசுகிசுத்தார். துணிக்கு வெளியே தலையை நீட்டி, ஊருக்கே கேட்கிற குரலில் பேசினார்.

"ஜெங்கே, தப்பு என்னோடது. அப்ப இழுக்கும்போது இந்த இடத்துல ஒயரை மடக்கிட்டேன். இப்பதான் உள்ள விட்டுப்போயிருக்கு. என் வேலைதான் சொத்தை."

அபாவுக்கு வந்த தெம்பைப் பார்க்கவேண்டுமே! "நான் செத்த பிறகும் படம் காட்டும்னு பீத்திக்கிட்டியே? நீ உசுரோட இருக்கும்போதே போயிருச்சே!" என்று பிடிபிடியென்று பிடித்தார். அந்த வாய்க்காரர் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சேர்த்தார். சர்க்கரைகூடக் கேட்கவில்லை. அவர் போனதும் அபா, "அங்க என்ன நிக்கிற? வந்து உக்காந்து பாரு," என்று எனக்கு மெத்தையில் இடம் கொடுத்தார். பனி கரைந்தது. யாரும் எங்கும் போகவில்லை.

ஆனால் அபா கதையை ஊர் முழுக்கப் பரப்பினார். ஜுமகாதிருக்குச் சொத்தைக்கை என்று பெயர் விழுந்தது. சில வீட்டுக்காரர்கள் நரீன் டவுனிலிருந்து ஒரு பையனை வரவழைத்து வேலை வாங்கினார்கள். வழியில் பார்க்கும்போது நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "கம்பத்தை நிமித்தச் சொல்லு உன் புருஷனை" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிடுவார். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். தங்கைகளுக்கும் கல்யாணம் ஆனது.

போன இலையுதிர்காலத்தில் விருந்தாளிகளுக்காக எங்கள் வீட்டில் ஆடு அறுத்தோம். ஜுமகாதிரும் வந்திருந்தார். எங்கள் விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பதில்தான் மரியாதை இருக்கிறது. அவர் வயதுக்கு இடுப்பெலும்பு போயிருக்கவேண்டும், போனது முதுகெலும்புத் துண்டு. "சொத்தைக்கைக்கு இது போதும்," என்றார் ஒரு விருந்தாளி. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்த ஒயர்ல தப்பே இல்ல. எங்க அம்மா அடிச்ச ஆணிதான் அதுல எறங்கியிருந்துச்சு. அதை மறைச்சு எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாரு," என்றேன்.

"இந்தப் பொண்ணுக்கு வாய் அடங்காதே," என்றார் ஜுமகாதிர், தலையைத் தூக்காமல்.

அபா எழுந்தார். மாமனார் முன்னால் இருந்த இடுப்பெலும்பை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து ஜுமகாதிரின் தட்டில் வைத்தார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்கு அவன் ஆணியக் காட்டியிருந்தா, உன்னை அனுப்பியிருப்பேன்," என்றார். "நெசமா அனுப்பியிருப்பேன்டி."

தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டீக் கெண்டியை என் கையில் திணித்தார்.

"போ, அவனுக்கு ஊத்து. சர்க்கரைய நெறையப் போடு."